கோணல் கொம்புக்குக் கொலைத் தண்டனையா?

சேஷாசலக் காட்டையொட்டிய ஊர்களில், பாக்கராப்பேட்டையிலிருந்து மாமண்டூர் வரை, மானைப் பற்றிப் பேச்சு எழுந்தால் ஒரு வாதம் தவறாமல் வந்து உட்கார்ந்துகொள்ளும். "அந்தக் காலத்து வேட்டைக்காரனுக்கு எதைச் சுடணும், எதை விடணும்னு தெரியும். கொம்பு கோணலாப் போனது, ஒத்தைக் கொம்பு, குட்டைக் கொம்பு, இதையெல்லாம் கழிச்சுக் கட்டினான். நல்ல கொம்பை விதைக்கு விட்டான். அதனாலதான் காடு நிறைய மான் இருந்தது. சட்டம் வந்து எல்லாத்தையும் கெடுத்தது."

இதைக் கிழவர் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. கொஞ்சம் படித்தவர்கள் இதே கருத்துக்கு அறிவியல் சட்டை போட்டுவிடுகிறார்கள். விகாரமான கொம்பு கெட்ட பரம்பரையின் அடையாளம். அதைச் சுமக்கும் ஆணை நீக்கினால் மந்தை சுத்தமாகும். மூப்படைந்த பெரிய கொம்பனை எடுத்தாலும் நஷ்டமில்லை, அவன் வேலை முடிந்தது. ஆண் ஒன்று போனால் இன்னொன்று, பெண்கள் இருந்தால் போதும். புலியும் செந்நாயும் செய்கிற வேலையைத்தான் துப்பாக்கி செய்கிறது. கேட்பதற்கு ஒழுங்காக அடுக்கிய செங்கல் சுவர்போல் இருக்கிறது. ஒவ்வொரு கல்லாக உருவிப் பார்த்தால் எதுவும் நிற்கவில்லை என்பதுதான் என் கட்சி.

"வேட்டைக்கே தடை இருக்கும் நாட்டில் இந்த வழக்கு எதற்கு?" என்று ஒருவர் கேட்கலாம். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் முதலில் உரிமம் பெற்ற வேட்டைக்கு இடம் வைத்திருந்தது. 1991இல் வந்த திருத்தம்தான் அந்த வாசலை அடைத்தது. இன்று ஆந்திரத்தில் எவரும் கொம்பு பார்த்து மானைச் சுட உரிமம் வாங்க முடியாது. ஆனாலும் கருத்து சாகவில்லை. மூன்று இடங்களில் உயிரோடு இருக்கிறது. பயிர்ச்சேதத்தைக் காட்டி உரிம வேட்டையைத் திரும்பக் கொண்டுவா என்கிற கோரிக்கையில் இருக்கிறது. மான் பூங்காக்களிலும் விலங்குக் காட்சிச்சாலைகளிலும் கூட்டம் பெருகும்போது எந்த ஆணைப் பிரிப்பது, எதை வேறிடம் அனுப்புவது என்கிற முடிவில் இருக்கிறது. திருட்டு வேட்டையாடியவனின் மனச்சமாதானத்தில் இருக்கிறது: "எப்படியும் ஊனம்தானே." ஆகவே பேசியாக வேண்டும்.

கொம்பிலிருந்தே தொடங்குவோம். ஆடு, மாடு, வெளிமான் ஆகியவற்றின் கொம்பு ஒரு எலும்புக் குருத்தின்மேல் நகம் போன்ற பொருள் உறையாகப் படர்ந்து வளர்வது. ஒருமுறை முளைத்தால் ஆயுளுக்கும் அதுதான். புள்ளிமான், கடமான், கேளையாடு இவற்றின் கொம்பு முழுக்க எலும்பு. ஆணுக்கு மட்டுமே முளைக்கும், விழும், மறுபடி முளைக்கும். வளரும் காலத்தில் வெல்வெட் போன்ற மெல்லிய தோல் போர்த்திருக்கும். அந்தத் தோலில் ரத்தமும் நரம்பும் ஓடும். ஆண்மைச் சுரப்பு ஏறும்போது கொம்பு முற்றி, தோல் உரிந்து விழும். சுரப்பு இறங்கும்போது கொம்பே கழன்று விழும். பாலூட்டிகளின் உடலில் இவ்வளவு வேகமாக வளரும் எலும்பு வேறு கிடையாது. அதற்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தைத் தீனி மட்டும் ஈடுகட்டாதபோது மான் தன் விலா எலும்பிலிருந்தே கடன் வாங்குகிறது.

இப்படி வளர்கிற ஒன்றில் கோணல் வர எத்தனை வழி இருக்கிறது என்று பாருங்கள். வெல்வெட் பருவத்தில் முள்வேலியில் இடித்தால் கிளை வளைந்து போகும். அடுத்த ஆண்டு முளைப்பது பெரும்பாலும் நேராகவே வரும். நெற்றி எலும்பிலிருந்து கொம்பு எழும் அடிக்குமிழில் அடிபட்டால் ஆண்டாண்டுக்கும் அந்தப் பக்கம் விகாரமாகவே முளைக்கலாம், கூடுதல் கிளைகூட வெடிக்கலாம். பின்னங்கால் ஒன்று முறிந்தாலோ வெட்டுப்பட்டாலோ எதிர்ப்பக்கக் கொம்பு குன்றிப்போவதை மானியலாளர்கள் பலமுறை பதிவு செய்திருக்கிறார்கள். விதைப்பை அடிபட்ட ஆணுக்கு வெல்வெட் உரியவே உரியாது. கொம்பு முடிச்சு முடிச்சாகப் பெருத்துக்கொண்டே போகும். மழை பொய்த்த ஆண்டில் எல்லா ஆண்களின் கொம்பும் மெலியும். இவற்றில் எதிலும் பரம்பரைக்கு வேலை இல்லை.

சேஷாசலத்தில் இதற்கு இன்னும் அழுத்தம் உண்டு. இது குவார்ட்சைட் பாறை மலை, மண் மெல்லியது, கோடையில் புல் கருகிவிடும். வடகிழக்குப் பருவமழை ஏமாற்றினால் அடுத்து வரும் கொம்பு அதைக் காட்டிவிடும். காட்டோரத்தில் சுருக்குக் கம்பி இருக்கிறது, தெருநாய் இருக்கிறது, வயலைச் சுற்றி முள்கம்பி இருக்கிறது. சுருக்கில் மாட்டிக் காலை இழுத்துக்கொண்டு தப்பிய மான், கோணல் கொம்போடு நமக்குக் காட்சி தருகிறது. நாம் வைத்த கம்பியின் காயத்தை மானின் ரத்தத்தில் எழுதியிருக்கும் குற்றமாகப் படித்து, அதற்குத் தண்டனையும் சொல்வது எந்த ஊர் நியாயம்?

கோணலே இல்லாததைக் கோணல் என்று எண்ணும் பிழையும் உண்டு. வளர்ந்த புள்ளிமானுக்கு நெற்றியருகே ஒரு கிளை, மேலே இரண்டாகப் பிரியும் தண்டு, ஆகப் பக்கத்துக்கு மூன்று முனை. முதல்முறை கொம்பு முளைக்கும் இளம் ஆணுக்கோ வெறும் ஒற்றைக் குச்சிதான் இருக்கும். குளிர்நாட்டு மான்களைப்போல் நம் புள்ளிமான்கள் எல்லாம் ஒரே மாதத்தில் கொம்பு உதிர்ப்பவை அல்ல. எந்த மாதம் போய் நின்றாலும் ஒரே மந்தையில் வெல்வெட் கொம்பனையும் முற்றிய கொம்பனையும் இப்போதுதான் கொம்பு உதிர்த்த மொட்டையனையும் சேர்த்தே பார்க்கலாம். ஒரு பக்கம் நேற்று விழுந்து மறுபக்கம் நாளை விழ இருக்கும் ஆணை "ஒத்தைக் கொம்பன்" என்று குறித்துவைத்தால், பருவத்தைப் பிறவிக் குறை என்று எழுதியவர்கள் ஆகிறோம்.

"சரி, எல்லாக் கோணலும் காயமல்ல, சிலதாவது பரம்பரைதானே" என்பது அடுத்த வாதம். ஒப்புக்கொள்கிறேன். கொம்பின் அளவும் வடிவும் ஓரளவு பெற்றோரிடமிருந்து வருவதே. அமெரிக்காவின் டெக்சாஸில் கெர் என்னும் வனவிலங்கு நிலையத்தில் 1970களில் வெள்ளைவால் மான்களை அடைப்பில் வைத்து, ஒரே தீனி கொடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். முதல் கொம்பு ஒற்றைக் குச்சியாக முளைத்த ஆண்கள், வளர்ந்த பிறகும் சராசரியில் சிறிய கொம்பே சுமந்தன. அந்த முடிவை வைத்துத்தான் "குச்சிக் கொம்பனைச் சுடு" என்கிற அறிவுரை வேட்டைக்காரர்களிடையே வேதவாக்காகப் பரவியது.

அடைப்பைத் தாண்டி வெளியில் வந்ததும் கதை மாறியது. தெற்கு டெக்சாஸின் பண்ணைக் காடுகளில் திரியும் ஆண்களைப் பிடித்து, அடையாளமிட்டு, ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வை கோர்த், க்ரோல் என்ற இருவர் 2008இல் வெளியிட்டார்கள். முதலாண்டில் குச்சிக் கொம்பு வைத்திருந்தவையும் கிளைக் கொம்பு வைத்திருந்தவையும் நாலரை வயதை எட்டும்போது வேறுபாடு கரைந்துபோயிருந்தது. அதே பகுதியில் கமாஞ்சி பண்ணையில் நடந்தது இன்னும் நேரடியான சோதனை. ஒரு பகுதியில் "கழிசல்" என்று தோன்றிய ஆண்களைக் கடுமையாகக் கழித்தார்கள். ஒரு பகுதியில் மிதமாகக் கழித்தார்கள். ஒரு பகுதியைச் சும்மா விட்டார்கள். ஆண்டுகள் ஓடின. கழித்த பகுதியின் கொம்புகள் சும்மா விட்ட பகுதியைவிட மேம்படவில்லை. கடுமையாகக் கழித்த இடத்தில் ஆண்களின் எண்ணிக்கை குறைந்ததுதான் கண்ட பலன்.

காரணம் புரியாத மர்மம் ஒன்றுமில்லை. கொம்பின் மரபில் பாதி தாயிடமிருந்து வருகிறது. தாய்க்குக் கொம்பே கிடையாது. எந்தப் பெண் எந்தக் கொம்பைத் தன் ரத்தத்தில் வைத்திருக்கிறது என்று எந்தத் துப்பாக்கிக்காரன் கண்டான்? வெள்ளைவால் மான்களில் தந்தை யார் என்று மரபணுச் சோதனை செய்து பார்த்தபோது, ஒரு ஆண் ஆண்டுக்கு ஒன்றிரண்டு குட்டிக்குத் தகப்பனாவதே வழக்கம் என்று தெரிந்தது, இளையவையும் தகப்பனாகின்றன. ஒரு ஆணை நீக்குவதால் குளத்திலிருந்து ஒரு செம்பு தண்ணீர் எடுத்த அளவுகூட மரபு மாறுவதில்லை.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் ரம் என்றொரு தீவு. அங்குள்ள சிவப்பு மான்களை ஒவ்வொன்றாக அடையாளம் வைத்துத் தலைமுறைகளாகக் கவனித்து வருகிறார்கள். லோஸ்கே குரூக்கும் கூட்டாளிகளும் 2002இல் வெளியிட்ட ஆய்வு நம் வழக்குக்கு நேரடிச் சாட்சி. கொம்பின் அளவு பரம்பரையாக வருகிறது என்று கண்டார்கள். பெரிய கொம்பனுக்குக் குட்டிகள் அதிகம் என்றும் கண்டார்கள். அப்படியானால் தலைமுறைக்குத் தலைமுறை கொம்பு பெருத்திருக்க வேண்டும். பெருக்கவில்லை. நல்ல தீனி கிடைத்த ஆணுக்குக் கொம்பும் பெருத்தது, சண்டையில் வெற்றியும் கிடைத்தது. இரண்டுக்கும் வேர் தீனியில் இருந்தது. இயற்கையே முப்பதாண்டுத் தேர்வில் கொம்பை மாற்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் வருகிறவர் மாற்றிவிடுவாராம்!

இந்தக் கருத்து எங்கிருந்து முளைத்தது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. துப்பாக்கியால் இனத்தைப் பேணுவது என்கிற கொள்கை ஜெர்மனியின் வேட்டை மரபில் வளர்ந்தது. 1934இல் நாஜித் தலைவர் ஹெர்மன் கோரிங் தலைமையில் வந்த வேட்டைச் சட்டம் அதற்கு அரச முத்திரை குத்தியது. சுட்ட கொம்பைக் கண்காட்சிக்குக் கொண்டுவந்து, சரியானதைத்தான் சுட்டாய் என்று சான்று வாங்க வேண்டும். மனிதரில் "கெட்ட ரத்தத்தை"க் களையெடுக்கப் புறப்பட்ட அதே ஆட்சி, அதே ஆண்டுகளில், மானிலும் அதையே எழுதிவைத்தது. பிறந்த வீடு கெட்டது என்பதாலேயே ஒரு கருத்து பொய்யாகிவிடாது. அதைப் பொய்யாக்கும் சான்றுகளை மேலே தனியாகவே கொடுத்துவிட்டேன். ஆனால் "பாட்டன் காலத்துப் பட்டறிவு" என்று இதைக் கொண்டாடுபவர்கள், அந்தப் பாட்டன் யார் என்று பார்த்துக்கொள்ளட்டும்.

நம் பக்கத்துப் பாட்டன்கள் உண்மையில் என்ன செய்தார்கள்? மதராஸ் ராஜதானிக் காலத்தில் துரைமாரும் ஜமீன்தார்களும் கோணலைத் தேடி அலையவில்லை, நீளத்தைத் தேடினார்கள். லண்டனில் ரோலண்ட் வார்ட் 1892இல் உலக வேட்டை விலங்குகளின் கொம்பு அளவுப் பட்டியலை முதன்முதலில் வெளியிட்டார். அதன்பிறகு அங்குலக் கணக்கே பெருமையாயிற்று. மைசூரில் வான் இங்கன் நிறுவனம் பாடம் செய்து கொடுத்த தலைகள் தென்னாட்டு மாளிகைச் சுவர்களில் ஏறின. சாமலாப் பள்ளத்தாக்கையும் மாமண்டூரையும் கதைக்களமாக்கிய கென்னத் ஆண்டர்சனின் எழுத்தால் இந்த மலைகளுக்கே ஒரு வேட்டைக் கவர்ச்சி ஒட்டிக்கொண்டது. அந்த வரலாற்றில் "ஊனத்தைக் கழித்து இனத்தை வளர்த்த" அத்தியாயத்தைத் தேடினால், சுவரில் தொங்குவதெல்லாம் மிகச் சிறந்த கொம்புகளாக இருக்கின்றன. கழிசல் எங்கே போயிற்று?

நீலகிரி வேட்டைச் சங்கத்தை எதிர்த்தரப்பு உதாரணமாகக் காட்டும். 1877இல் தோன்றிய சங்கம், 1879இல் வந்த சட்டம். அதன்பிறகுதான் வரையாடு பிழைத்தது என்பார்கள். அது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் வரையாட்டைப் பிழைக்க வைத்தது எது? பெண்ணையும் குட்டியையும் தொடாதே, பருவம் பார், உரிமம் இல்லாமல் சுடாதே என்கிற கட்டுப்பாடு. அதாவது கை கட்டப்பட்டதால் பிழைத்தது. கொம்பின் நேர்த்தி பார்த்துக் களையெடுத்ததற்கும் அந்தப் பிழைப்புக்கும் சம்பந்தமில்லை.

பெரிய கொம்பனை எடுத்தால் நஷ்டமில்லை என்ற கல்லை இனி உருவுவோம். கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் ராம் மலை என்ற இடத்தில் பெருங்கொம்புக் காட்டுச் செம்மறிகளை முப்பதாண்டு அளந்து, டேவிட் கோல்ட்மன் குழுவினர் 2003இல் முடிவை வெளியிட்டார்கள். கொம்பு ஒரு குறிப்பிட்ட அளவுக்குச் சுருண்ட கிடாயைத்தான் சுடலாம் என்பது அங்கு விதி. வேகமாகக் கொம்பு வளரும் கிடாய், இனப்பெருக்கத்தில் ஓங்கும் வயதுக்கு முன்பே அந்த அளவைத் தொட்டுச் செத்தது. மெதுவாக வளர்ந்தது பிழைத்துத் தன் வித்தைப் பரப்பியது. காலப்போக்கில் கொம்பு சிறுத்தது. அந்தச் சிறுத்தலில் நெரிசலுக்கு எவ்வளவு பங்கு, வேட்டைக்கு எவ்வளவு பங்கு என்று பிற்பாடு ஆய்வாளர்களிடையே சச்சரவு எழுந்தது. ஆனால் வேட்டை ஏறக்குறைய நின்ற பிறகும் பழைய கொம்பு திரும்பி வரவில்லை என்று 2016இல் வந்த தொடராய்வு சொல்கிறது.

இங்கே ஒரு கேள்வி எழலாம்: ஒற்றை ஆணை நீக்குவதால் மரபு மாறாது என்று முன்னே சொல்லிவிட்டு, இங்கே வேட்டையால் மரபு மாறும் என்கிறாயே? முரண் இல்லை. விழுந்து முளைக்கும் கொம்பில் தீனியும் காயமும் பெரும்பங்கு வகிக்கின்றன. அதைப் பார்த்துச் சுடும்போது தேர்வு குறி தவறுகிறது. ஆயுளுக்கும் நிலைக்கும் கொம்பிலும் தந்தத்திலும் பரம்பரையின் பங்கு தெளிவாகத் தெரிகிறது. அங்கே ஆண்டுக்காண்டு, ஒரே திசையில், நல்லதையே எடுத்தால் தேர்வு குறி தவறாமல் பாய்கிறது. எப்படிப் பார்த்தாலும் மனிதன் இனத்தை மேம்படுத்தியதாகக் கணக்கு வரவில்லை. கெடுத்ததாக மட்டும் வருகிறது.

தந்தம் என்றதும் நம் ஆட்களுக்கு யானை நினைவு வரும். மொசாம்பிக்கில் 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில் கொரங்கோசா காட்டு யானைகளைத் தந்தத்துக்காகக் கொன்று தீர்த்தார்கள். போருக்கு முன் தந்தமில்லாத பெண் யானைகள் சுமார் 18 விழுக்காடு. போருக்குப் பின் ஏறக்குறைய பாதி. இதன் மரபணுக் காரணத்தை 2021இல் கண்டுசொன்னார்கள். சித்தூர் மாவட்டத்தின் குப்பம், பலமநேர் பக்கத்துக் கௌண்டின்யா சரணாலயத்துக்கு யானைகள் தமிழக, கர்நாடகக் காடுகளிலிருந்து வந்து சேர்ந்தது 1980களில்தான். அவற்றோடு மல்லுக்கட்டும் விவசாயிக்கும்கூடக் கொம்பனை எடுத்துவிட்டுத் தந்தமில்லாத மக்னாவை விடு என்று சொல்லத் தோன்றாது. யானையில் அபத்தமாகத் தெரிவது மானில் மட்டும் ஞானமாகிவிடுகிறது.

அடுத்தது "ஒரு ஆண் போதும்" என்கிற கணக்கு. கோழிப் பண்ணைக்கு அது சரிவரலாம். மத்திய ஆசியாவின் சைகா மானுக்கு என்ன நடந்தது? அதில் ஆணுக்கு மட்டுமே கொம்பு. சீன மருந்துக்கு அந்தக் கொம்பு வேண்டும். சோவியத் அரசு உடைந்தபின் கொம்புள்ளதையெல்லாம் சுட்டார்கள். ஒரு மந்தையில் வளர்ந்த ஆண்கள் நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே போயிற்று. பெண்கள் நிறையவே இருந்தன. ஆனால் சினைப்பிடிப்பு சரிந்தது. மிஞ்சிய ஓரிரு ஆண்களை மூத்த பெண்கள் வளைத்துக்கொண்டு இளையவற்றை விரட்டிவிட்டன. மில்னர் கல்லண்ட் குழு 2003இல் இதை வெளியிட்டது. பெரியாறு காட்டில் தந்த வேட்டைக்குப் பிறகு நூறு பெண் யானைக்கு ஒரு வளர்ந்த ஆண் என்ற நிலை வந்ததும், கன்றுகள் குறைந்ததும் நம் பக்கத்து வீட்டுக் கதை. புள்ளிமானோ அந்தப்புரம் வைத்து ஆளும் சாதியல்ல. ஒரு ஆண் ஒரு நேரத்தில் ஒரு பிணையின் பின்னாலேயே நின்று காக்கும். பிணைகள் பல என்றால் கலைகளும் பல வேண்டும்.

"புலியும் செந்நாயும் செய்வதைத்தானே நாங்களும் செய்கிறோம்" என்கிறார்கள். செய்யவில்லை. நாகரகொளேயில் உல்லாஸ் கரந்தும் மெல் சன்குவிஸ்டும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், வேட்டையாடும் விலங்குகள் மான்களில் வளர்ந்த ஆண்களை விகிதத்துக்கு மேல் கொன்றது தெரியவந்தது. தனித்துத் திரிவதும், இணை தேடிக் களைத்திருப்பதும், காயப்பட்டிருப்பதும் ஆண்தான். செந்நாய் ஓட்டத்தை அளக்கிறது. சிறுத்தை அசட்டையை அளக்கிறது. கொம்பின் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒத்திருக்கிறதா என்று எந்தச் சிறுத்தையும் நூல் பிடித்துப் பார்ப்பதில்லை. கோணல் கொம்போடு நாலைந்து கோடையைத் தாண்டி, சிறுத்தையும் செந்நாயும் இருக்கும் சேஷாசலத்தில் உயிரோடு நிற்கும் ஆண், உண்மையான தேர்வில் தேறியவன். அவனைத் தோற்றவன் என்று நாம் யார் தீர்ப்பெழுத?

பயிர்ச்சேதத்துக்கு வருவோம். இங்கே நான் விவசாயியின் எதிரில் நிற்கவில்லை. காட்டோர நிலத்தில் இரவெல்லாம் விழித்து, விடிந்து பார்த்தால் கடலையும் பயறும் மேய்ந்து கிடக்கும் வயிற்றெரிச்சல் நிஜம். இழப்பீடு தாமதமாவதும் நிஜம். ஆனால் அந்த வயிற்றெரிச்சலைத் தோளில் ஏற்றிக்கொண்டு கொம்பு வேட்டைக்கு உரிமம் கேட்பவர்கள் விவசாயிக்கு உதவவில்லை. மந்தை சிறுக்க வேண்டுமானால் கணக்கு பெண்ணில் இருக்கிறது. விசித்திரக் கொம்புள்ள ஓர் ஆணைச் சுட்டால் அடுத்த ஆண்டு ஒரு குட்டியும் குறையாது. காட்டுப்பன்றிக்குக் கேரளத்திலும் தமிழகத்திலும் அண்மையில் வந்த ஆணைகளைப் பாருங்கள்: எங்கே, யார், எந்தச் சூழலில் சுடலாம் என்றுதான் பேசுகின்றன, கோரைப்பல்லின் வளைவைப் பற்றி ஒரு சொல் இல்லை. சேதத்தைத் தடுப்பது ஒரு வேலை, கொம்பைச் சேர்ப்பது இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் எழுதுகிறவர் எதற்காக எழுதுகிறார் என்று கேட்டுவிட்டே கையொப்பமிட வேண்டும்.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பதினோராம் பிரிவில் ஒரு சொற்றொடரைச் சிலர் பிடித்துக்கொள்கிறார்கள். மீள முடியாத அளவுக்கு ஊனமுற்ற அல்லது நோயுற்ற விலங்கைக் கொல்லத் தலைமை வனஉயிரினக் காப்பாளர் அனுமதிக்கலாம் என்று அது சொல்கிறது. கொம்பு கோணலானதும் ஊனம்தானே என்பது அவர்கள் சட்ட அறிவு. எழுந்து நிற்க முடியாமல் கிடந்து துடிக்கும் விலங்குக்காக எழுதிய கருணை வாசகம் அது. மேய்ந்து, ஓடி, இணை சேர்ந்து, அடுத்த ஆண்டு புதுக் கொம்பு முளைக்க இருக்கும் மானுக்கு அதைப் பொருத்துவது சட்டத்தை வளைப்பதாகும்.

இன்னொரு ஆபத்து சந்தையில் இருக்கிறது. இந்த மலைக்கே உரிய செம்மரத்தில் அலையோட்டம் உள்ள கட்டைக்கு விலை அதிகம். அந்த விலை வந்த பிறகு காட்டில் என்ன நடந்தது என்று திருப்பதிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. "வழக்கத்துக்கு மாறானது" என்பதற்கு ஒருமுறை விலையோ பெருமையோ வைத்துவிட்டால், அதைத் தேடிப் போகிறவனைச் சோதனைச்சாவடியால் நிறுத்த முடியாது. விசித்திரக் கொம்பைச் சுடலாம் என்று ஒரு வரி அனுமதி எழுதுங்கள். நாளைக்குப் பிடிபடும் ஒவ்வொரு நாட்டுத் துப்பாக்கிக்காரனும் தான் கொன்றது கோணல் கொம்புதான் என்பான். செத்த மானின் கொம்பை உடைத்துக் கோணலாக்குவது பெரிய வித்தையா? காட்டில் உதிர்ந்து கிடக்கும் கொம்பைக் கூடச் சட்டம் விட்டுவைக்காமல் கட்டுப்படுத்தியிருப்பது இந்தக் காரணத்தால்தான். கொன்ற கொம்பையும் உதிர்ந்த கொம்பையும் கடைத்தெருவில் பிரித்தறிய வழியில்லை.

கடைசியாக அடைப்புகள். திருப்பதியில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா விலங்கியல் பூங்கா இருக்கிறது; அலிபிரி நடைபாதையில் மான் பூங்கா இருக்கிறது; ஊருக்கு ஊர் இப்படிச் சின்ன அடைப்புகள் உண்டு. கொம்பு பார்த்து முடிவெடுக்கும் ஆசை நிஜமாகவே எழக்கூடிய இடம் இதுதான். இங்கே கெட்ட கொம்பு ஒரு செய்தி சொல்லவும் கூடும் என்று ஒத்துக்கொள்கிறேன்: தீனியில் தாதுச்சத்து போதவில்லை, நெரிசல் மிஞ்சிவிட்டது, அல்லது சில மான்களின் வாரிசுகளே தமக்குள் கலந்துகொண்டிருக்கின்றன. தில்லி ஹவுஸ்காஸ் மான் பூங்கா சில மான்களோடு தொடங்கி, அறுநூறு அளவுக்குப் பெருகி, 2023இல் மத்திய விலங்குக் காட்சிச்சாலை ஆணையத்தின் அங்கீகாரத்தை இழந்தது. அங்கே சிக்கல் எண்ணிக்கையும் உள்ளுறவுக் கலப்பும். அசிங்கமான கொம்புள்ள ஆணைப் பொறுக்கி எடுத்திருந்தால் இரண்டில் எதுவும் தீர்ந்திருக்காது. மிஞ்சுகிற அழகிய கொம்பன் அதே தாயின் மகன்தான்.

அடைப்பில் செய்ய வேண்டியவை தெளிவானவை. ஆணையும் பெண்ணையும் காலத்தே பிரித்து வையுங்கள். வேறு இடத்து மான்களோடு பரிமாற்றம் செய்து புது ரத்தம் கொண்டு வாருங்கள். தாது உப்புக் கட்டி வையுங்கள். கூர்க்கம்பியை அகற்றுங்கள், நாய் புகும் சந்தை அடையுங்கள். பிறரைக் குத்திக் காயப்படுத்தும் ஆணைத் தனியே வையுங்கள். அது நடத்தைக்காக, கொம்பின் வடிவுக்காக அல்ல. விகாரக் கொம்புள்ள மானின் பின்னங்காலையும் விதைப்பையையும் கால்நடை மருத்துவர் பார்க்கட்டும். பெரும்பாலும் காரணம் அங்கே கிடைக்கும்.

காட்டில் செய்ய வேண்டியது இன்னும் எளிது. சுருக்குக் கம்பி தேடும் ரோந்தை அதிகமாக்குங்கள். வயல்வேலியில் திருட்டு மின்சாரம் பாய்வதை மின்வாரியமும் வனத்துறையும் சேர்ந்து நிறுத்தட்டும். பயிர் இழப்பீட்டை அடுத்த விதைப்புக்கு முன் விவசாயியின் கணக்கில் சேருங்கள். இவற்றைச் செய்தாலே கோணல் கொம்புகளின் எண்ணிக்கை தானாகக் குறையும்.

கொம்பை மட்டும் பார்த்து ஒரு மானைக் கொல்லவோ, கூட்டத்திலிருந்து விலக்கவோ, இனப்பெருக்கத்திலிருந்து தள்ளவோ அறிவியலில் இடமில்லை, நம் சட்டத்திலும் இடமில்லை. உரிம வேட்டையைத் திரும்பக் கேட்பவர்கள் இனத்தைச் சுத்தம் செய்கிறோம் என்ற பேச்சை விட்டுவிட்டு, கொம்பு வேண்டும், கறி வேண்டும், வேடிக்கை வேண்டும் என்று நேராகக் கேட்கட்டும். அந்தக் கேள்விக்கான பதிலை 1991இலேயே நாடாளுமன்றம் சொல்லிவிட்டது.